காசுக்குப் பவுடர் பூச வேண்டாம்!

பழைய காசு இல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், பாட்டியின் சுருக்குப் பையில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் என்று தேடினால், ஓர் ஓட்டைக் காலணாவாவது அகப்படாமல் போகாது. அகப்பட்டதை என்ன செய்கிறோம்? புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கிறோம். அல்லது மறுபடியும் அதே மூலையில் போட்டுவிடுகிறோம். இரண்டுமே சரியில்லை.

இந்த முறை இதைப் பற்றி எழுதக் காரணம், கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எங்க மாமியார் போன தை மாசம் தவறிட்டாங்க. அவங்க பெட்டியில ஒரு டப்பா நிறையப் பழைய காசு இருந்தது. எண்ணிப் பார்த்தோம், எழுபத்திரண்டு. என் வீட்டுக்காரர், சென்னையில இருக்கிற கொழுந்தனார், கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம் டீச்சரா இருக்கிற நாத்தனார், மூணு பேருக்கும் பங்கு. பிரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காசையும் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடலாம்னு நான்தான் சொன்னேன். என் போன்ல எடுத்தா வெள்ளிக்காசு மஞ்சளாத் தெரியுது, செப்புக்காசு கறுப்பாத் தெரியுது. பொண்ணு ஏதோ ஓர் ஆப்பில போட்டுப் பளிச்சுனு பண்ணிக் கொடுத்தா. அதைப் பார்த்துட்டுக் கொழுந்தனார், 'என்ன அண்ணி, இது அம்மா டப்பாக் காசா, கடையில வாங்கினதா?'ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். ஆனா எனக்குச் சுருக்குன்னு இருந்தது. காசு போட்டோவைத் திருத்தறதுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது? பணம் கொடுத்து வாங்கணுமா?"

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 'சுருக்'கென்று இருந்தது அல்லவா, அதுதான் விஷயம். கல்யாண ஆல்பத்துப் படம் வேறு, ரேஷன் கார்டில் ஒட்டுகிற படம் வேறு. ஆல்பத்தில் பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் பளிச்சென்று காட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ரேஷன் கார்டுப் படத்தில் முகம் மாறினால் பொருள் கிடைக்காது! பங்கு பிரிக்கிற காசின் படம் இரண்டாவது வகை. அது அழகுக்கு அல்ல, சாட்சிக்கு. ஆகவே சாஃப்ட்வேர் எதுவாக இருந்தாலும், காசை அழகாக்குவதை விட்டுவிட்டு உள்ளபடி காட்டுகிறதா என்பதுதான் முதல் பரீட்சை.

உள்ளபடி என்றால்?

காசில் நம் கண்ணுக்குத் தப்புகிற சின்னச் சின்ன சங்கதிகளில்தான் அதன் கதையே இருக்கிறது. இரண்டு மூன்று உதாரணம் சொன்னால் உங்களுக்கே புரியும்.

உங்கள் டப்பாவில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய் இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. எடையும் ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். ஆனால் 1938, 1939 வருஷக் காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளி. 1940-லிருந்து 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. நடக்கும் புலி போட்ட 1947 ரூபாயிலோ வெள்ளியே கிடையாது, அது நிக்கல். ஆக, வருஷத்தின் மூன்றாவது எண் 3-ஆ, 4-ஆ என்பதில் ஒருவருடைய பங்கில் கிட்டத்தட்டப் பாதி வெள்ளி கூடும், குறையும். தேய்ந்த அந்த எண்ணை ஒரு சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்குத் 'தெளிவாக்கி'க் கொடுத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

இன்னொன்று. 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், ராஜாவின் அங்கியில் தொங்கும் மாலையில் ஒரு சின்ன யானை உண்டு. துதிக்கை சரியாகத் தெரியாததால் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று அந்தக் காலத்தில் பெரிய ஆட்சேபணை கிளம்பி, 1912-லிருந்து அந்த உருவத்தை மாற்றிச் செதுக்கினார்கள். அந்த யானை ஒரு கடுகு அளவுதான். முகப்பருவை மறைக்கிற 'பியூட்டி' வசதி உள்ள ஆப்பில் இந்தக் காசைப் போட்டால், அது யானையையும் பருவாக நினைத்து வழித்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிந்தின காசுகளில் வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னக் குறி இருக்கும். வைரம் மாதிரி சாய்சதுரம் என்றால் பம்பாய் சாலையில் அச்சானது. நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப்புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. காசு சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் குறியைத்தான். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்று மழமழவென்று ஆக்கினால் முதலில் மறைவதும் இந்தக் குறிதான்.

உங்கள் மாவட்டத்துக் கதையையே சொல்கிறேன். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில்தான் திருக்கோவிலூர் இருக்கிறது. சங்க காலத்தில் அதைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மலையமான்கள் குதிரை உருவம் போட்ட சின்னச் செப்புக் காசுகளை வெளியிட்டார்கள். இவற்றை ஆராய்ந்து எழுதியவர் தினமலர் ஆசிரியராக இருந்து 2021-ல் காலமான இரா. கிருஷ்ணமூர்த்தி. பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை 1980-களில் உலகுக்குச் சொன்னவரும் அவரே. அந்தப் பழங்காசுகளில் ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் எழுத்தே மாறிவிடும். எழுத்து மாறினால் சரித்திரமே மாறிவிடும். படத்தைத் திருத்துகிறவர் கையில் அவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

முதலில் காசைத் தொடுவோம்

சாஃப்ட்வேருக்கு வருமுன் ஒரு வார்த்தை. குத்துவிளக்கும் அண்டாவும் துலக்கிப் பழகின கை, காசைப் பார்த்ததும் புளியைத் தேடும். வேண்டாம்! புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி, பித்தளைப் பாலிஷ் எதுவும் கூடாது. காசின் மேல் பல வருஷமாகப் படிந்த அந்த மங்கல் நிறம் அழுக்கு அல்ல, காசின் தோல். தேய்த்தால் தோல் உரியும், மதிப்பும் இறங்கும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். செப்புக் காசில் வெளிர்பச்சையாக மாவு மாதிரி பூத்திருந்தால் அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீடா? குழந்தை தூங்கும்போது மட்டும் டப்பாவைத் திறங்கள். காசு தொண்டையில் சிக்கிவிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமான ஒன்று, காசை எடை பார்க்கிற குட்டி எலெக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கிற பொத்தான் பாட்டரி. பார்க்கக் காசு மாதிரியே பளபளக்கும். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மஞ்சளும் கறுப்பும் ஏன்?

வெள்ளிக்காசு மஞ்சளாகவும் செப்புக்காசு கறுப்பாகவும் தெரிவதற்குக் காரணம் போன் அல்ல, வெளிச்சமும் பின்னணியும்தான். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், மஞ்சள் பல்பு ஒரு பக்கம் என்று இரண்டும் கலந்தால் போன் குழம்பிப் போகும். ஏதாவது ஒன்று போதும். காலை எட்டு ஒன்பது மணிக்கு வெயில் நேரே விழாத ஜன்னலோரம்தான் உத்தமம். பளீரென்ற வெள்ளைத் துணியில் காசை வைத்தால், 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!' என்று போன் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், செப்பு கறுத்துவிடும். கறுப்புத் துணியில் வைத்தால் வெள்ளிக்காசு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். சாம்பல் நிற சார்ட் காகிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் பொது. மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைக் காகிதத் துண்டும், பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றும் படத்தில் விழும்படி வையுங்கள். அந்தத் துண்டு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

நான்கு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன் மேல் போனைப் படுக்க வையுங்கள். கை நடுக்கம் படத்தில் வராது. ரொம்பக் கிட்டே போனால் போனின் நிழலே காசில் விழும். கொஞ்சம் உயரத்தில் வைத்து இரண்டு மடங்கு ஜூம் செய்வது மேல். கேமராவில் ஏ.ஐ., பியூட்டி என்று என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூன்று வினாடி டைமரில் எடுங்கள். இப்படி எடுத்தால் சாஃப்ட்வேருக்கு முக்கால்வாசி வேலை மிச்சம்.

சாஃப்ட்வேருக்கு ஐந்தே வேலை

காசுப் படத்துக்கு நியாயமாகத் தேவையான திருத்தம் ஐந்துதான்.

ஒன்று, வெட்டுவது. காசும் ஸ்கேலும் மட்டும் தெரியும்படி மற்றதை நறுக்குவது.

இரண்டு, நிமிர்த்துவது. ராஜாவின் தலை சாய்ந்திருந்தால் நேராகத் திருப்புவது. கால் வட்டம், அரை வட்டம் மட்டும் போதாது. ஒவ்வொரு டிகிரியாகத் திருப்ப முடிய வேண்டும்.

மூன்று, நிறத்தைச் சரிசெய்வது. இதற்குத்தான் அந்த வெள்ளைக் காகிதம். நல்ல சாஃப்ட்வேரில் மை உறிஞ்சும் ஃபில்லர் மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதை எடுத்துக் காகிதத்தின் மேல் தொட்டால், 'ஓகோ, இதுதான் வெள்ளையா!' என்று புரிந்துகொண்டு படம் முழுவதையும் சரியாக்கிவிடும். மஞ்சள் பூத்த வெள்ளிக்காசு உடனே வெள்ளியாகும். நீங்கள் குத்துமதிப்பாக நிறம் மாற்றவில்லை, காகிதத்தை வைத்துத்தான் மாற்றினீர்கள் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது.

நான்கு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவது, குறைப்பது. உப்பு மாதிரி, ஒரு சிட்டிகைதான்.

ஐந்து, பூவையும் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே படமாக ஒட்டுவது. எழுபத்திரண்டு காசுக்கு நூற்று நாற்பத்து நாலு படம் தனித்தனியாகக் கிடந்தால் எந்தப் பின்பக்கம் எந்த முன்பக்கத்துக்கு என்று தலை சுற்றிவிடும்.

இதற்கு மேல் செய்கிற எதுவும் ஆபத்துதான். கூர்மையாக்கும் வசதியைத் துளி தொடலாம், ஓரங்களில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். எச்.டி.ஆர். என்ற ஃபில்டர் ஒவ்வொரு கீறலையும் பள்ளமாகக் காட்டும். பின்னணியைத் தானாக நீக்கும் வசதி காசின் தேய்ந்த விளிம்பையும் சேர்த்துக் கத்தரித்துவிடும். ஏ.ஐ. கொண்டு தெளிவாக்குவதோ எல்லாவற்றிலும் மோசம். இல்லாததை யூகித்து வரைவதுதான் அதன் தொழில். தேய்ந்துபோன இடத்தில் எழுத்து மாதிரி ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிடும்!

யாருக்கு எது பொருந்தும்?

போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு ஸ்னாப்சீட். கூகுள் வெளியிடுகிறது, இலவசம். வெட்டுவது, நிமிர்த்துவது, நிறத்தைச் சரிசெய்வது, வெளிச்சம் என்று முதல் நான்கு வேலையும் இதில் முடியும். இறக்கிக்கொண்ட பிறகு இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும் என்பதால், மழை பெய்தால் சிக்னல் ஓடிப்போகிற மலைக் கிராமத்து நாத்தனாருக்கும் உதவும். சேமிக்கும்போது மட்டும் பிரதியாகச் சேமியுங்கள். மூலப்படம் அப்படியே இருக்க வேண்டும். ஒரே தட்டில் படத்தை ஜொலிக்க வைக்கிற ஃபில்டர்களும் அதில் வரிசையாக நிற்கும். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள்.

வீட்டில் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடக்கிறதா? இர்ஃபான்வியூ என்று ஒன்று. 1996-லிருந்து இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். மிகச் சின்னது, அரதப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். டிகிரிக் கணக்கில் திருப்பலாம். இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாம். நூற்று நாற்பத்து நாலு படத்துக்கும் வரிசையாகப் பெயரை மாற்றி, அளவைக் குறைப்பதை ஒரே மூச்சில் செய்துவிடும். நிறம் பார்ப்பதில் மட்டும் கொஞ்சம் சுமார். ஆகவே நிறத்தை போனில் சரிசெய்துவிட்டு, ஒட்டுகிற வேலையை இதில் செய்யலாம். இந்த ஜோடிதான் உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது.

கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ளவர்களுக்கு கிம்ப். இதுவும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். 2025-ல் இதன் மூன்றாம் பதிப்பு வந்தது. ஐந்து வேலையும் இது ஒன்றிலேயே முடியும். காசை அச்சாக வட்டமாகவும் வெட்டலாம். தன் கோப்பைத் தனி வகையில் சேமித்து, வெளியே அனுப்பும் படத்தைத் தனியாக எடுத்துக் கொடுப்பதால் மூலப்படம் தெரியாமல் கெட்டுப்போகிற பயம் குறைவு. முதல் நாள் பார்த்தால் பெரிய சமையற்கட்டில் நுழைந்த புதுமருமகள் மாதிரி திகைப்பாக இருக்கும். எல்லாப் பாத்திரத்தையும் தொட வேண்டாம், வேண்டியது நாலு கரண்டிதான். கல்லூரி போகிற பெண்ணோ பிள்ளையோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக் கொடுத்துவிடுவார்கள்.

இன்ஸ்டால் செய்ய முடியாத கம்ப்யூட்டர் என்றால் போட்டோபியா. பிரவுசரிலேயே திறந்து வேலை செய்யலாம். ஓரத்தில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். படம் நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாமல் அங்கேயே திருத்தப்படுகிறது என்பது சௌகரியம். திறப்பதற்கு இன்டர்நெட் வேண்டும் என்பது அசௌகரியம்.

போட்டோஷாப்? உலகப் பிரசித்தி பெற்றது, 1990-லிருந்து இருக்கிறது. 2013-க்குப் பிறகு மாதா மாதம் சந்தா கட்டும் முறைக்குப் போய்விட்டார்கள். ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவர்களுக்குச் சரி. எழுபத்திரண்டு காசுக்காக மாதா மாதம் பணம் கட்டுவது, ஒரு டம்ளர் மோருக்காகப் பசுமாடு வாங்குகிற கதை. வேண்டவே வேண்டாம்.

எதை இறக்கினாலும் அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தோ, போனில் உள்ள பிளே ஸ்டோரிலிருந்தோ இறக்குங்கள். 'இலவச போட்டோஷாப்' என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்புகிற ஏபிகே கோப்பைத் தொட்டால் பாங்க் கணக்கே காலியாகலாம்.

ஒரே ஒரு பரீட்சை

நான் இத்தனை சொன்னாலும் நீங்களே சோதித்துப் பார்ப்பதுதான் நல்லது. உங்கள் பர்ஸில் இருக்கிற பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுங்கள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள், குறுக்களவு 27 மில்லிமீட்டர். மேலே சொன்ன மாதிரி படம் எடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேரில் ஐந்து வேலையையும் செய்யுங்கள். பிறகு காசையும் படத்தையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள்.

நடு வெள்ளையும் சுற்று மஞ்சளும் கையில் உள்ள மாதிரியே இருக்கின்றனவா? வருஷத்துக்குக் கீழே உள்ள குறி தெரிகிறதா? காசில் உள்ள கீறல் அத்தனையும் படத்தில் இருக்கிறதா, காசில் இல்லாத கோடு ஏதாவது படத்தில் முளைத்திருக்கிறதா? ஸ்கேலில் பார்த்தால் 27 மில்லிமீட்டர் வருகிறதா?

நாலுக்கும் பதில் சரி என்றால் அந்த சாஃப்ட்வேர் போதும், மேலே தேட வேண்டாம். ஒன்று தவறினாலும், எவ்வளவு பேர் புகழ்ந்தாலும், அது காசுக்கு ஆகாது. கையில் காசு இல்லாமல் படத்தை மட்டும் பார்க்கப் போகிற கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் நீங்கள் கொடுக்கிற உத்தரவாதம் இது.

அனுப்பும்போது ஜாக்கிரதை

திருத்தின படத்தைத் திரும்பத் திறந்து திரும்பச் சேமித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும். மறுபடி திருத்த வேண்டுமானால் மூலப்படத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், நுணுக்கம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. ஆனால் அப்போது படத்துக்குள் போன் ரகசியமாக எழுதி வைத்திருக்கிற இருப்பிடக் குறிப்பும் சேர்ந்து போகும். வீட்டாருக்குப் பரவாயில்லை. வெளியாருக்கு அனுப்புவதானால், எந்தத் தெருவில் எந்த வீட்டில் வெள்ளிக்காசு இருக்கிறது என்று தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே எடுக்கும் முன்பே கேமராவில் இருப்பிட வசதியை அணைத்துவிடுங்கள். படத்தில் பூஜை அறை, பீரோ, வாசல் நம்பர் எதுவும் விழ வேண்டாம்.

அடுத்தது, 'உங்கள் பழைய காசுக்கு ஐந்து லட்சம் தருகிறோம்' என்கிற விளம்பரம். படத்தை அனுப்பினால் உடனே பாராட்டுவார்கள். பிறகு வரி, கமிஷன், பதிவுக் கட்டணம் என்று நம்மிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் பாங்க் பெயரையும் முத்திரையையும்கூடப் போட்டு ஏமாற்றுகிறார்கள். 'இப்படிப்பட்ட வியாபாரத்தில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லை, எந்தக் கட்டணமும் நாங்கள் கேட்பதில்லை' என்று ரிசர்வ் பாங்க் 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டிருக்கிறது. விற்கப் போகிறவர் முதலில் பணம் கட்டுவது எந்த ஊர் வியாபாரம்? தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். தனி மனிதர்கள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டுக்காரர் நல்ல விலை தருகிறார் என்று தபாலில் போட்டுவிடாதீர்கள். அதேபோல மாமியார் டப்பாவில் இருந்தது வேறு, கொல்லையில் குழி வெட்டும்போதும் மலையில் உழும்போதும் மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பது வேறு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-லிருந்து உள்ள சட்டம். அப்படிக் கிடைத்தால் கழுவாமல், பிரிக்காமல், கிடைத்த இடத்திலேயே ஒரு படம் எடுத்து, தாலுகா ஆபீசில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு படத்தை மட்டும் எந்த சாஃப்ட்வேரிலும் திருத்தாதீர்கள்.

கணக்கு நோட்டும் ஒரு பிரிண்டும்

படத்தால் சொல்ல முடியாதது எடை. ஆகவே பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு போட்டு, காசு எண், வருஷம், எடை, குறுக்களவு, குறி, யார் பங்கு என்று எழுதுங்கள். ஒன்று என்று எண் போட்ட காசுக்குப் படத்தின் பெயரும் ஒன்று. மாமியார் அந்தக் காசைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். 1980-ல் கிராமப் பெண்கள் முன்னேற்றத்துக்காக ஒரு பத்துப் பைசா வந்தது. அதற்கு விலை அதிகமில்லை. ஆனால் அது முதல் கூலியாகக் கையில் வாங்கின காசு என்று உங்கள் மாமியார் சொல்லியிருந்தால், டப்பாவிலேயே விலை மதிப்பில்லாதது அதுதான். அதை எந்தப் படமும் சொல்லாது, நோட்டுதான் சொல்லும்.

மூலப்படங்களை ஒரு பென் டிரைவிலும், திருத்தினவற்றை மூன்று பேர் போனிலும் வையுங்கள். போன் உடையும், பென் டிரைவ் தொலையும் என்பதால் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு காகிதப் பிரிண்டும் போட்டு அந்தந்த டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பிரிண்ட் போடுகிற ஸ்டூடியோக்காரரிடம், "தம்பி, கலர் ஏத்தாதே, டச்சப் பண்ணாதே, இருக்கிறபடியே போடு" என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் அவர் நல்லெண்ணத்தில் கொஞ்சம் பவுடர் பூசித்தான் கொடுப்பார்.